ஊர்ப் பூங்காவுக்கும் நடுகல்லுக்கும் உள்ளூர் வியாபாரிகள் என்ன செய்யலாம்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒரு வழிகாட்டி

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ கடை, பட்டறை, மாங்கூழ் ஆலை, கிரானைட் அறுவை நடத்துகிறவர் ஊருக்கு ஏதாவது செய்ய நினைத்தால் முதலில் மனதில் வருவது ஒரு நுழைவு வளைவு, பேர் பொறித்த பெஞ்சு, ஒரே நாளில் ஐந்நூறு மரக்கன்று. செய்து முடித்த ஆண்டு எல்லாம் நன்றாக இருக்கும். மறு கோடையில் கன்று கருகும், மோட்டார் நிற்கும், கேட்டுக்குப் பூட்டு விழும். நல்ல மனதோடு கொடுத்த பணம் இப்படி வீணாவதைத் தடுக்க முடியும். அதற்கு, கட்டிக் கொடுப்பதைவிடத் தொடர்ந்து பார்த்துக்கொள்வதற்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டும்.

இடம் யாருடையது?

எந்த வேலைக்கும் இதுதான் தொடக்கம். கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 'அ' பதிவேட்டில் அந்த இடம் எந்த வகையில் இருக்கிறது என்று பாருங்கள். அரசின் நில ஆவண இணையச் சேவையிலும் அதே சர்வே எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். நகரத்துப் பூங்கா என்றால் நகராட்சி, ஓசூரில் மாநகராட்சி. பேரூராட்சியில் செயல் அலுவலரைப் பார்க்க வேண்டும். ஊராட்சியில் தீர்மானமும் வட்டார வளர்ச்சி அலுவலரின் ஒப்புதலும் தேவை. ஏரிக்கரை, கே.ஆர்.பி. அணை (கிருஷ்ணகிரி அணை) போன்றவை நீர்வளத் துறையின் கையில். கோயில் குளம் இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பு. பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம், தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு மாதிரியான நினைவில்லங்கள் செய்தி மக்கள் தொடர்புத் துறையைச் சேர்ந்தவை. தவறான அலுவலகத்தில் மனு கொடுத்தால் ஆறு மாதம் போய்விடும், பதில் வராது.

பெரும்பாலானவர்கள் கவனிக்காத ஓர் இடம் உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடும்போது பத்தில் ஒரு பங்கு நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஓசூரிலும் இரண்டு மாவட்டத் தலைநகரங்களின் ஓரங்களிலும் மனைப்பிரிவுகள் பெருகிவிட்டன. அவற்றில் இப்படி ஒதுக்கிய நிலம் சீமைக்கருவேலம் மண்டியோ, கட்டடக் கழிவு கொட்டியோ கிடந்தால் அதைத் தேடிப் பிடியுங்கள். புதிய நிலம் வாங்கத் தேவையில்லை. பத்திரத்தில் பூங்கா என்று இருப்பதை எடுத்துக்காட்டி நகராட்சியில் கேட்டால் வேலிக்கும் மண் நிரவலுக்கும் அனுமதி பெறலாம். ஆக்கிரமிப்புக்கு முன்னால் நீங்கள் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

ஊராட்சி இடமாக இருந்தால் கிராம சபையில் பேச்சை எடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் சபை கூடும். அங்கே தீர்மானமாகப் பதிந்துவிட்டால் தலைவர் மாறினாலும் கையில் காகிதம் இருக்கும்.

பணம் எந்த வழியில் போகிறது

சிறு கடைகளுக்குத் தனித்தனியாகச் செய்வதைவிட வணிகர் சங்கத்தின் மூலம் சேர்ந்து செய்வது நல்லது. 20 கடைகள் மாதம் 500 ரூபாய் போட்டால் 10,000 ரூபாய், ஆண்டுக்கு 1,20,000. பகுதி நேரத் தோட்டக்காரர், கோடையில் லாரித் தண்ணீர், சில்லறைப் பழுதுகள் ஆகியவற்றில் பெரும்பகுதியை இது தாங்கும். இதற்குத் தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, மாதம் ஒருமுறை வரவு செலவை சங்கப் பலகையில் ஒட்டுவது என்ற மூன்றும் இல்லாமல் வசூலைத் தொடங்காதீர்கள். சங்கத்துப் பொதுக் கணக்கில் கலந்தால் அடுத்த தேர்தலில் முதல் சண்டையே இதுதான்.

'நமக்கு நாமே' திட்டத்தில் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தரப்பு கட்டினால் மீதியை அரசு போடும். 9 லட்ச ரூபாய் வேலைக்கு நீங்கள் 3 லட்சம் திரட்டினால் போதும். பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் இது பொருந்தும். ஆனால் அது கட்டுமானத்துக்கான பணம். தண்ணீர் ஊற்ற யாரும் தரமாட்டார்கள்.

ஓசூர்ப் பக்கப் பெரிய கம்பெனிகளுக்குச் சட்டமே கடமை வைத்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டால், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும். அதன் ஏழாம் அட்டவணையில் மரபுச் சின்னங்களின் பாதுகாப்பும் சுற்றுச்சூழலும் உண்டு. விளம்பரத்துக்கான ஸ்பான்சர் செலவு அந்தக் கணக்கில் சேராது. சமூகப் பொறுப்புச் செலவுக்காக வாங்கிய பொருள்களுக்கு 2023 அக்டோபர் முதல் ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரிச் சலுகையும் கிடையாது. ஊர் அமைப்பு ஒன்று கம்பெனியிடம் போய் உதவி கேட்பதாக இருந்தால் அது கம்பெனிப் பதிவாளரிடம் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்து எண் வாங்கியிருக்க வேண்டும். அது இல்லாத அறக்கட்டளைக்கு மேலாளர் எவ்வளவு விரும்பினாலும் பணம் தர இயலாது.

வரிக் கழிவு உள்ள அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுக்கிறவர்கள் கவனிக்க: 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடைக்காது. காசோலையிலோ யு.பி.ஐ.யிலோ கொடுங்கள்.

எழுத்தில் என்ன இருக்க வேண்டும்

பூங்காவைப் பார்த்துக்கொள்ள ஒப்பந்தம் போடும்போது காலம் மூன்று ஆண்டு என்று வையுங்கள். ஓராண்டில் மரம் வேர் பிடிக்காது. பத்தாண்டு என்றால் எந்த வியாபாரியும் உறுதி சொல்ல முடியாது. மின் இணைப்பு உள்ளாட்சியின் பெயரிலேயே இருக்கட்டும், பில்லை யார் கட்டுவது என்பதைத் தனி வரியாக எழுதுங்கள். பூங்காக்கள் மூடிக் கிடப்பதற்கு மின் கட்டண நிலுவையும் மோட்டார் பழுதும்தான் முதல் காரணங்கள். சாவி யாரிடம், திறக்கும் நேரம் என்ன, நுழைவு இலவசம், பெயர்ப்பலகை எத்தனை அடி, குழந்தைக்கு அடிபட்டால் பொறுப்பு யாருடையது, மூன்றாம் ஆண்டு முடிவில் பொருள்கள் யாருக்கு என்பதெல்லாம் வேண்டும். கட்டுமானச் செலவில் குறைந்தது பத்தில் ஒரு பங்கை ஒவ்வோர் ஆண்டும் பராமரிப்புக்கு ஒதுக்கிவையுங்கள். அது முடியாதென்றால் கட்டுமானத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

தண்ணீர்க் கணக்கு

இந்த மண்ணில் பூங்கா நிற்பதும் சாவதும் தண்ணீரால்தான். புல்வெளிக்குக் கோடையில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் வரை வேண்டும். ஆயிரம் சதுர மீட்டருக்கு 5000 லிட்டர், அதாவது ஏறக்குறைய தினம் ஒரு டேங்கர். அதே இடத்தின் ஓரங்களிலும் பாதை நெடுகவும் 100 மரம் வைத்தால் நாலு நாளைக்கு ஒருமுறை 20 லிட்டர் வீதம் 2000 லிட்டர். தினக் கணக்கில் 500. மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு அதுவும் குறையும். ஆகவே புல்வெளி கேட்கிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டி மறுத்துவிடுங்கள். எத்தனை கன்று நடலாம் என்பதையும் இப்படியே முடிவு செய்யுங்கள்: நீங்கள் உறுதியாக அனுப்பக்கூடிய தண்ணீர் வண்டி எத்தனை மரத்துக்குப் போதுமோ, அத்தனை மட்டும்.

நடும் காலம் ஆகஸ்ட் பிற்பகுதி முதல் அக்டோபர் வரை. தென்மேற்கின் கடைசி மழையும் வடகிழக்கின் முதல் மழையும் கன்றுக்குக் கிடைக்கும். ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள் என்பதற்காக நட்டால் படம் வரும், கன்று பிழைப்பது சிரமம். ஒரு மாதம் முன்பே இரண்டரை அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து ஆறவிடுங்கள். மேல்மண்ணைத் தனியே குவித்து, இரண்டு பங்கு மேல்மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய எரு கலந்து நிரப்புங்கள். கன்று ஐந்தடிக்குக் குறையக் கூடாது; குட்டைக் கன்றை ஆடு மேய்ந்துவிடும். கவரைக் கிழித்து எடுத்துவிட்டு நடுங்கள், பலர் அப்படியே வைத்துவிடுகிறார்கள். மூன்றடி அகலப் பாத்தி, மேலே காய்ந்த இலை அல்லது தென்னை நார்க் கழிவு. ஐந்தடி உயரக் கூண்டு. கூண்டை மூன்றாம் ஆண்டு கழற்ற வேண்டும், விட்டால் கம்பி தண்டைக் கவ்வி மரம் அங்கேயே முறியும். வெல்டிங் பட்டறைக்காரர்கள் உதவ விரும்பினால் கீல் வைத்துத் திறக்கும் கூண்டாகக் கேளுங்கள்.

மரங்களில் புங்கன், வேம்பு, நாவல், இலுப்பை, மகிழம், சரக்கொன்றை போதும். நீர் தேங்கும் மூலையில் நீர்மருது. ஆலும் அரசும் சுவரிலிருந்து குறைந்தது முப்பதடி தள்ளி. சீக்கிரம் பச்சையாகும் என்று கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை வைக்காதீர்கள். பேவர் கல் பதிக்கும்போது தண்டைச் சுற்றி மூன்றடிச் சதுரம் மண்ணாகவே விடச் சொல்லி மேஸ்திரியிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

குடிநீர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது. பூங்காவில் போர்வெல் போட்டு நேராகக் குழாய் வைத்து, தண்ணீர்ப் பந்தல் என்று பெயர் எழுதுவது குழந்தைகளுக்குக் கெடுதல் செய்வதாகும். இந்தியத் தர நிர்ணயத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை. சாதாரண மணல் வடிகட்டியோ, கொதிக்கவைப்பதோ புளோரைடை எடுக்காது. கொதித்து நீர் வற்றினால் அடர்த்தி இன்னும் கூடும். போர்வெல் நீர் செடிக்கு மட்டும். குடிக்க ஒகேனக்கல் இணைப்பு கேளுங்கள். கிடைக்காத இடத்தில் ஆர்.ஓ. வைத்தால் மெம்பிரேன் மாற்றும் செலவையும் நீர்ப் பரிசோதனையையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். 'குடிக்க அல்ல' என்று போர்வெல் குழாயின் மேல் எழுதிவையுங்கள்.

பெஞ்சு, பாதை, ஊஞ்சல்

கிருஷ்ணகிரியில் கருங்கல் இருக்கும்போது சிமென்ட் பெஞ்சு எதற்கு? அறுவையில் ஒதுக்கிய பலகை ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், நாலங்குலக் கனம் இருந்தால் இரண்டு கல்லுக்கால் மேல் தலைமுறைக்கு நிற்கும். உட்காரும் உயரம் ஒன்றரை அடி. பளபளப்பு ஏற்ற வேண்டாம், மழையில் வழுக்கும். நிழல் விழும் இடம் பார்த்துப் போடுங்கள். வெயிலில் கிடக்கும் கல்லில் மாலை ஆறு மணிக்கும் உட்கார முடியாது.

நடைபாதை ஆறடி அகலம், நாலங்குலம் இறுக்கிய கிராவல், இருபுறமும் ஓரக்கல். வாசலில் படி இருந்தால் பக்கத்தில் சாய்வுப் பாதை அவசியம்: ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டடி நீளம். மாடு நுழையாமல் வைக்கும் சுழல் கேட்டில் சக்கர நாற்காலியும் நுழையாது, எனவே பக்கத்தில் மூன்றடிக் கதவு ஒன்று வேண்டும்.

சறுக்கு மரத்தை வடக்குப் பார்த்து வையுங்கள், தகரம் சூடேறுவது குறையும். ஊஞ்சலுக்கும் சறுக்குக்கும் கீழே ஓரடி ஆழத்துக்கு மணல். சிமென்ட் தளமே கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் ஸ்பேனரோடு போய் நட்டு, சங்கிலி, கொக்கி எல்லாம் பார்க்க வேண்டும். சங்கிலிக் கண்ணி பாதி தேய்ந்திருந்தால் அன்றே மாற்றுங்கள்.

கழிப்பறையைத் தினமும் கழுவ ஆள் இல்லையென்றால் கட்டவே வேண்டாம். அதற்குப் பதிலாகப் பக்கத்து ஓட்டல்காரர் தம் கழிப்பறையைப் பூங்காவுக்கு வருகிறவர்கள் பயன்படுத்தலாம் என்று வாசலில் எழுதிவைத்தால் பெண்களுக்கு அது பெரிய உதவி.

நடுகல், கற்திட்டை, கோட்டை: தொடுவதற்கு முன்

பூங்காவில் தவறு செய்தால் திருத்தலாம். கல்லில் செய்த தவறு நிலைத்துவிடும்.

முதலில், பாதுகாக்கப்பட்ட சின்னமா என்று பாருங்கள். கிருஷ்ணகிரி மலைக்கோட்டை, ராயக்கோட்டை, அதியமான்கோட்டை சென்னராயப் பெருமாள் கோயில் போன்றவை மத்தியத் தொல்லியல் துறையிடம் உள்ளன. அப்படிப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது; அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். அறிவிப்புப் பலகை நடுவது, விளக்குக் கம்பம் நிறுத்துவதுகூடத் துறையைக் கேட்டுத்தான். நீங்கள் தரக்கூடியது குப்பை அகற்றல், வழித்தடத்தில் முள் வெட்டுதல், மலையடியில் குடிநீர், வண்டி நிறுத்த நிழல். இவை போதும், இவற்றுக்குத்தான் ஆள் இல்லை.

பட்டியலில் இல்லாத கற்கள்தான் நம் மாவட்டங்களில் மிகுதி. ஏரிக்கரையில், புளியமரத்தடியில், வயல் வரப்பில் நடுகல் (இறந்த வீரர் நினைவாக நட்ட கல்) நிற்கும். தருமபுரிப் பக்கம் வேடியப்பன் என்று கும்பிடும் சாமி பல ஊர்களில் நடுகல்தான். அங்கே பூசை செய்கிற குடும்பத்தையும் ஊர்ப் பெரியவர்களையும் கேட்காமல் ஒரு செடியையும் பிடுங்காதீர்கள். எண்ணெயும் மஞ்சளும் அவர்கள் வழிபாடு. அதை நிறுத்தச் சொல்ல வெளியார் யாருக்கும் உரிமையில்லை. ஆனால் கல்லுக்குப் பெயின்ட் அடிக்க, டைல்ஸ் ஒட்ட, சிமென்ட் மேடை கட்ட உங்களிடம் பணம் கேட்டு வருவார்கள். அதுதான் நீங்கள் பேச வேண்டிய நேரம்.

காரணத்தைச் சொல்லிப் பேசுங்கள். எனாமல் பெயின்ட் எழுத்துப் பள்ளத்தை அடைத்துவிடும்; பிறகு உரிக்கும்போது கல்லின் மேல்தோலும் வரும். அடியில் சிமென்ட் போட்டால் கீழ்வரி எழுத்து புதைந்துபோகும், சிமென்ட்டில் இருக்கும் உப்பு ஈரத்தோடு கல்லுக்குள் ஏறிப் பொரியவைக்கும். திருப்பணியில் மணல் வீச்சு இயந்திரம் கொண்டு சுத்தம் செய்தால் மெல்லிதாக வெட்டிய கல்வெட்டு ஒரே நாளில் மழுங்கும். திருப்பணிக்கு நன்கொடை எழுதும்போதே "பழைய கல் எதையும் எடுக்கப் போகிறீர்களா, எங்கே வைப்பீர்கள்" என்று கேளுங்கள். பெரிய நன்கொடையாளர் ஒருவர் கேட்டாலே எழுத்துள்ள பலகைக் கற்கள் தரையில் பாவப்படாமல் தப்பும்.

சுத்தம் செய்ய வேண்டுமானால் நல்ல தண்ணீரும் மெல்லிய நைலான் பிரஷ்ஷும் மட்டும். சோப்பு, ஆசிட், கம்பி பிரஷ் எதுவும் ஆகாது. ஒட்டியிருக்கும் பாசியைச் சுரண்டாதீர்கள். சுற்றிலும் புல்லை ஆண்டுக்கு இரண்டு முறை கையால் வெட்டுங்கள், கொளுத்தாதீர்கள். தீமூட்டிப் பாறையைப் பிளக்கும் பழைய முறையைக் கல் உடைப்பவர்கள் அறிவார்கள். அதே சூடு நடுகல்லையும் பிளக்கும். ஐந்தடி தள்ளி நாலு கல்லுக்கால் நட்டுச் சங்கிலி போட்டால் வேலி. கல்லுக்கால் குழிக்கும் ஓரடிக்கு மேல் தோண்டும் முன் தொல்லியல் அலுவலரைக் கேளுங்கள். கல்லைப் பத்திரம் கருதி உங்கள் ஆலை வாசலுக்கோ பூங்காவுக்கோ கொண்டுபோவது கூடவே கூடாது. நின்ற இடம் தெரியாத கல்லில் பாதிச் செய்தி தொலைந்துவிடும். விழும் நிலையில் இருந்தால் மாநிலத் தொல்லியல் துறைக்கோ அரசு அருங்காட்சியகத்துக்கோ எழுதுங்கள். எடுத்துப் போவது அவர்கள் வேலை.

போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் செய்யக்கூடிய அரிய உதவி ஒன்று உண்டு. காலை ஏழு மணி அல்லது மாலை ஐந்து மணிச் சாய்வெயிலில் எழுத்து தானாகத் தெளியும். சாக்பீஸோ மாவோ தடவாமல், பக்கத்தில் அளவுகோல் வைத்து, நாலு பக்கமும், இடத்தின் சூழலோடும் படம் எடுத்து, சர்வே எண்ணையும் ஊரையும் எழுதி அருங்காட்சியகத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். கல் திருடு போனாலும் சாட்சி இருக்கும்.

பட்டறைக்கு அடித்தளம் தோண்டும்போது தாழி, வட்டமாக அடுக்கிய கல், பழைய இரும்பு, காசு வந்தால் வேலையை அங்கேயே நிறுத்தி, மண்ணால் மூடி, கிராம நிர்வாக அலுவலருக்கும் தாசில்தாருக்கும் சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது கடமை. கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்தில் கற்திட்டைகள் (பலகைக் கற்களால் அமைத்த பழங்கால ஈமச்சின்னங்கள்) கூட்டமாக நிற்கின்றன. அதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் அகழாய்வில் கிடைத்த மாதிரிகளின் காலக்கணிப்பு தமிழகத்தில் இரும்பின் பயன்பாட்டைக் கி.மு. 2172 வரை கொண்டுபோனது. பொக்லைன் ஓட்டுநரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், முதலில் பார்ப்பவர் அவர்தான்.

பலகையில் எழுதுவது

ஃபிளெக்ஸ் ஒரு கோடைக்குத் தாங்காது. மூன்றடிக்கு இரண்டடி கருங்கல் பலகையில் வெட்டுங்கள். எண்பது சொல்லுக்கு மேல் வேண்டாம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் சேர்த்தால் அங்கே வாழ்கிறவர்கள் எல்லோரும் படிப்பார்கள். உங்கள் கடைப் பெயர் கடைசி வரியில், மற்ற எழுத்தைவிடச் சிறியதாக.

உள்ளடக்கத்தில் கவனம் வேண்டும். பழையதாக எது தெரிந்தாலும் அதியமான் காலம் என்றும், எந்தக் கோட்டையையும் திப்பு கட்டியது என்றும் எழுதிவிடுகிறோம். அதியமானுக்கு நாம் செய்யும் மரியாதை, இல்லாததை அவர் பேரில் ஏற்றாமல் இருப்பது. ராயக்கோட்டை திப்புவின் வசம் இருந்தது, 1791-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பிடித்தது என்று தெரிந்த அளவுக்கு எழுதுங்கள். மாநிலத் தொல்லியல் துறை இம்மாவட்டங்களின் கல்வெட்டுகளைத் தொகுத்து அச்சிட்டிருக்கிறது. அதைப் பார்த்து, அருங்காட்சியகக் காப்பாட்சியரிடம் காட்டி, பிறகு கல்லில் ஏற்றுங்கள். வெட்டிய பிறகு திருத்த முடியாது.

கூத்துக்கு உதவுவது

மரபு கல்லில் மட்டும் இல்லை. இரண்டு மாவட்டங்களிலும் பாரதக் கூத்து இன்னும் ஊர்த் திருவிழாவில் விடியவிடிய நடக்கிறது. உதவ நினைத்தால் முன்பணத்தைப் பேசிய அன்றே கொடுங்கள். வண்டி வாடகை, இரவுச் சாப்பாடு, ஒப்பனைக்கு மறைவான இடம், பெண்கள் உட்கார வெளிச்சமுள்ள பகுதி ஆகியவற்றுக்குத் தனியாகப் பணம் வையுங்கள். நடிகருக்குப் பின்னால் கடை பேனரைக் கட்டாதீர்கள். படுகளக் காட்சியை (பாரதப் போரின் முடிவை) விருந்தினருக்காக அரை மணிக்குச் சுருக்கச் சொல்வது அந்தக் கலைஞர்களுக்கு அவமானம். நேரம் போதாதென்றால் அர்ச்சுனன் தபசு போல ஒரு பகுதியை மட்டும் முழுதாக நடத்தச் சொல்லி வாத்தியாரிடம் (கூத்துக் குழுவை நடத்துபவரிடம்) கேளுங்கள். எதை எடுக்கலாம் என்று அவரே சொல்வார். மீதிச் சம்பளத்தை ஆட்டம் முடிந்த காலையிலேயே, வண்டி கிளம்பும் முன், அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.